சந்தகை அச்சும் தோட்டாவும்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலை ரயில் குன்னூரைத் தாண்டினால் அருவங்காடு. 1903இல் அங்கே தொடங்கிய ஆலைக்குப் பெயர் தந்த கார்டைட்டைத்தான் தோட்டாவின் முன்னேற்றத்தில் முதலில் ரசிக்க வேண்டும். மாவாகப் பிசைந்து, நம்மூர்ச் சந்தகை போல அச்சுத்துளை வழியே இழையிழையாகப் பிழிந்த வெடிமருந்து அது. அதற்கு முன் பயன்பட்ட கரும்பொடி மருந்தின் புகைமூட்டம் ஒழிந்தது. ஆனால் 58 விழுக்காடு நைட்ரோகிளிசரின் கக்கிய சூடு, துப்பாக்கிக் குழலின் உட்புறத்தை அரித்தது. தென்னாப்பிரிக்கப் போயர் போருக்குப் பின் நைட்ரோகிளிசரின் அளவை 30 விழுக்காடாகக் குறைத்தார்கள். குழலின் ஆயுள் நீண்டது. கொல்லும் பொருளில் என்ன ரசனை என்பீர்கள்; இந்தக் கணக்கோடு அது நிற்கட்டும்.

முன்னேற்றம் என்றால் வேகம்தானே, அதைக் கூட்டியது குண்டின் மாற்றமல்லவா? பாதி சரி. 1910இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 தோட்டாவின் 215 கிரெய்ன் எடையுள்ள மொட்டைக் குண்டு 174 கிரெய்ன் கூர்முனைக் குண்டானது; வேகம் நொடிக்குச் சுமார் 630 மீட்டரிலிருந்து 740க்கு ஏறியது. இன்சாஸ் துப்பாக்கியின் 5.56 மில்லிமீட்டர் குண்டு 900 அளவில் பாய்கிறது. ஆனால் எத்தனை கூரான குண்டானாலும், அரித்துப்போன குழலிலிருந்து கிளம்பினால் குறி தப்பும்.