நாற்பது கஜ ஓட்டம் எதை அளக்கிறது?

அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று. அதில் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவர். கையால் எறியவும் செய்வர். தற்காப்பு அணியின் முன்வரிசைக்குச் சில கஜம் பின்னால் நிற்பவர் லைன்பேக்கர். எதிரணி பந்தோடு ஓடப் போகிறதா, எறியப் போகிறதா என்பதை நொடிப்பொழுதில் கணித்து, பந்து வைத்திருப்பவரை வீழ்த்துவது அவருடைய வேலை.

கல்லூரி வீரர்களைத் தொழில்முறைக் குழுக்கள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' 1936-இல் தொடங்கியது. அதற்கு முன் வீரர்களுக்கு உடற்திறன் சோதனை நடக்கும். 1987-இல் இந்தச் சோதனை இண்டியானபோலிஸ் நகருக்கு வந்தது. குழுக்கள் ஆட்டப் படங்களையும் பார்க்கின்றன என்றாலும், பரபரப்பாகப் பேசப்படுவது 40 கஜ (36.58 மீட்டர்) ஓட்டத்தின் நேரமே. முன்னதாகத் தேர்வு பெறுபவருக்குப் பெருந்தொகை கிடைக்கும். பிழை செய்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். பின்தங்கியவருக்கு அந்த வாய்ப்பு அரிது. ஆகவே இந்த எண்ணை நாம் உரசிப் பார்ப்பது நியாயமே.

முதலாவது, அளவின் நுட்பம். ஓட்டத்தின் முடிவை மின்கருவி பதிவு செய்தாலும், தொடக்கத்தை ஒருவர் கண்ணால் பார்த்துக் கையால் பொத்தானை அழுத்தியே பல ஆண்டுகள் கணக்கிட்டனர். கண் பார்த்துக் கை இயங்கச் சுமார் 0.2 நொடி ஆகும். தடகளத்தில் 100 மீட்டர் ஓட்டத்தின் கைக்கடிகார நேரத்தை மின்கடிகார நேரத்தோடு ஒப்பிட 0.24 நொடி கூட்டுவதும் இதனால்தான். அப்படியிருக்க, 4.5 நொடிக்காரரை 4.6 நொடிக்காரருக்கு மேலாக வைப்பதில் எவ்வளவு உறுதி இருக்க முடியும்?

இரண்டாவது, அளக்கப்படும் பொருள். லைன்பேக்கர் நேர்கோட்டில் 40 கஜம் ஓடுவது அரிது. பெரும்பாலும் சில கஜம் பாய்வார், திரும்புவார், மோதுவார். எதிரணியின் எண்ணத்தை ஒருவர் 0.2 நொடி முன்னதாகக் கணித்தால், 40 கஜத்தில் 0.1 நொடி பின்தங்கும் குறையை இருமடங்காக ஈடு செய்துவிடுவார்.

மெய்யான மூவரைப் பாருங்கள். வெர்னன் கோல்ஸ்டன் கல்லூரியில் முன்வரிசை ஓரத்தில் ஆடியவர். 225 பவுண்டு (102 கிலோ) எடையைப் படுத்தபடி 37 முறை தூக்கினார். 2008-இல் ஆறாவது ஆளாகத் தேர்வு பெற்று லைன்பேக்கராக்கப்பட்டார். பந்தை எறிய நிற்பவரை எறியும் முன்பே வீழ்த்துவதற்காக எடுக்கப்பட்டவர், மூன்று பருவங்களில் ஒருமுறைகூட அதைச் செய்யவில்லை. சாக் தாமஸோ 5 அடி 11 அங்குல உயரத்தினர். அந்த இடத்துக்குக் குள்ளம் என்று கருதப்பட்டார். 1996-இல் ஐந்தாம் சுற்றில் 154-ஆவது ஆளாகவே எடுக்கப்பட்டார். 2023-இல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

இரண்டு எடுத்துக்காட்டுகளால் விதி நிறுவப்படாது. லூக் கீக்லி சோதனையிலும் ஆட்டத்திலும் சிறந்தார். 2012-இல் ஒன்பதாவதாகத் தேர்வாகி, மறு ஆண்டே சிறந்த தற்காப்பு வீரர் விருது பெற்றார். எனவே சோதனை வீண் என்பது அல்ல நம் முடிவு. எதிரணியின் திட்டத்தை முன்கூட்டியே அறிந்து சக வீரர்களுக்குக் கூவிச் சொல்வதில் கீக்லி பெயர் பெற்றவர். அந்தத் திறனை எந்தக் கடிகாரமும் காட்டவில்லை.

இங்கே புள்ளியியல் உண்மை ஒன்றும் உண்டு. அழைக்கப்படுபவர் அனைவரும் ஏற்கெனவே பொறுக்கி எடுக்கப்பட்ட விரைவோட்டக்காரர்கள். நீந்தத் தெரிந்தவர்களை மட்டும் கூட்டி வைத்து, 'நீந்தத் தெரியுமா?' என்று கேட்பதால் பயன் என்ன? எல்லாரிடமும் உள்ள பண்பு, அவர்களுக்குள் வேறுபாட்டை அதிகம் காட்டாது.

வேறு வழி இல்லையா? உண்டு. ஆட்டப் படத்தில், பந்து அசைந்த கணத்திலிருந்து லைன்பேக்கர் சரியான திசையில் முதல் அடி வைக்கும் வரை எத்தனை படச்சட்டங்கள் என்று எண்ணலாம். நொடிக்கு 30 சட்டங்கள் எனில், ஆறு சட்டங்கள் 0.2 நொடி. பல ஆட்டங்களில் இவ்வாறு எண்ணிச் சராசரி கண்டால், ஓட்ட நேரத்தைவிட அவருடைய வேலைக்கு நெருக்கமான அளவு கிடைக்கும்.

இனி யாரேனும் ஓர் எண்ணைக் காட்டி ஒருவரின் தகுதியைச் சொன்னால், நீங்கள் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இதில் பிழை எவ்வளவு? அளந்ததும் தேவையானதும் ஒன்றுதானா?