பெயரில்லாப் பெரிய துரை

பிலிப்பைன் தீவுகளில் பிறந்த ஹோஸே ரிஸால் எழுதிய இரண்டு நாவல்களையும் ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாக வாசித்த அன்பர் பலர் நம்மிடையே உண்டு. அந்நூல்களின் சாரம் யாதென்று அவர்களை வினவினால், பாதிரிமாரின் அக்கிரமங்களை அம்பலமாக்கியவை என்று ஒரே வாக்கியத்தில் விடை கூறி அமைந்து விடுகின்றனர். குருமாரின் கொட்டத்தைக் கண்டிப்பதில் பின்வாங்காத நமக்கு அவ்விடை இனிப்பது இயல்பே. எனினும் அது பாதி விடைதான். பெரிய துரை தங்கமானவர், இடையில் நிற்கும் கிராணியும் கங்காணியுமே பொல்லாதவர்கள் என்று பழைய தோட்டங்களில் நம்மவர் சொல்லி ஆறுதலடைந்த பேச்சு ஒன்று உண்டல்லவா? ரிஸாலைப் பாதிரி நிந்தனைக்காரராக மட்டும் வாசிப்பது அதே பேச்சைப் புத்தகத்தின்மேல் ஏற்றி வைப்பதாகும். பாதிரியைக் கடிந்துகொண்டு, அவருக்கு மேலே நாற்காலியிட்டு வீற்றிருந்த ஸ்பானிய கவர்னரை நாம் விட்டுவிடுகிறோம். ரிஸாலோ அவரை விடவில்லை.

அந்த நாற்காலி எத்தகையது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 1565-ல் லெகாஸ்பி என்பவர் முதல் கவர்னராக அத்தீவுகளில் இறங்கினார். 1571-ல் மணிலா தலைநகராயிற்று. 1821-ல் மெக்ஸிகோ ஸ்பெயினின் கையைவிட்டுப் போகும் வரையில் அந்நாட்டின் வழியாகவும், அதன்பின் மாட்ரிட்டிலிருந்து நேராகவும் ஆட்சி நடந்தது. ஸ்பெயின் அரசரின் பெயரால் அமர்ந்த கவர்னரே படைத்தலைவர். நெடுங்காலம் உயர்நீதி மன்றத்துக்கும் அவரே தலைவர். மதப் பதவிகளில் அரசருக்குரிய உரிமையைச் செலுத்துபவரும் அவரே. பதவி முடிந்து செல்கையில், பின் வருபவர் முன்னிலையில் அவர்மேல் குறை கூற எவருக்கும் இடமளிக்கும் விசாரணை முறை ஒன்றும் பழைய நாளில் இருந்தது. ஏட்டளவில் நல்ல ஏற்பாடு! வாதம் புரியப் பணமும், ஸ்பானிய மொழியும், மாதக்கணக்கில் காத்திருக்கப் பொறுமையும் உடையவனுக்கே அது பயன்படக்கூடியதாயிருந்தது.

இத்துணை அதிகாரம் படைத்தவர் எவருக்கு அஞ்சினார்? துறவற சபைகளுக்கு. டியேகோ தெ சால்செதோ என்னும் கவர்னரை 1668-ல் மத விசாரணை மன்றத்தின் அதிகாரி இரவில் படுக்கையிலேயே கைது செய்து சிறைவைத்தார். மெக்ஸிகோவுக்குக் கொண்டு செல்லும் வழியில் கடலிலேயே அவர் மாண்டார். 1719-ல் பஸ்தமாந்தே என்னும் கவர்னர், பாதிரிமார் முன்னின்ற கும்பல் ஒன்றால் தம் மாளிகையிலேயே கொல்லப்பட்டார். அவர் சிறையிலிட்டிருந்த அதிமேற்றிராணியாரே வெளிவந்து அதே நாற்காலியில் அமர்ந்தார். 1762-ல் ஆங்கிலேயர் சென்னையிலிருந்து கப்பலேறி வந்து மணிலாவைப் பிடித்தபோதும் அங்கே கவர்னராக இருந்தவர் ஓர் அதிமேற்றிராணியார்தான். (அப்படையுடன் சென்ற நம் பக்கத்துச் சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் மணிலாவுக்கு அருகே காயின்டா என்னும் ஊரில் தங்கிவிட்டனர். அது தனிக் கதை.) பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நிலைமை மாறவில்லை. கவர்னர்களில் பெரும்பாலோர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் தங்கியதில்லை. ஊர்ப் பாதிரியாரோ ஆயுள் முழுதும் அவ்வூரிலேயே இருந்தார். ஊராரின் மொழி அவருக்குத் தெரியும், கவர்னருக்குத் தெரியாது. ஊரைப் பற்றிக் கவர்னர் அறிந்ததெல்லாம் பாதிரியார் எழுதியனுப்பியதே.

இப்பின்னணியில் முதல் நாவலை நோக்குவோம். "நோலி மெ தாஞ்ஜெரே" 1887-ல் பெர்லினில் அச்சானது. "என்னைத் தொடாதே" என்பது பொருள். அதில் வரும் கவர்னர் ஜெனரல் நல்லவர். கதாநாயகன் இபார்ராவின் தந்தையுடைய பிணத்தை இடுகாட்டிலிருந்து தோண்டியெடுக்கச் செய்த தாமஸோ பாதிரியாரைத் தண்டிக்கும்படி கேட்டவர் அவர். தண்டனை என்னவாயிற்று? பாதிரியாரை முன்னதைவிட நல்ல ஊருக்கு மாற்றினார்கள்! முதல் அத்தியாயத்திலேயே, விருந்துக்கு வந்தோர் பேச்சினிடையே, இச்செய்தியை ஆசிரியர் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். கவர்னரைக் கண்ணால் காண்பதற்கு முன்பே அவருடைய ஆணையின் விலையை நாம் அறிந்துகொள்கிறோம்.

பின்னர் அவரே ஊருக்கு எழுந்தருளுகிறார். சபையிலிருந்து விலக்கப்பட்ட இபார்ராவை, முகம் சுளிக்கும் பாதிரிமார் கூட்டத்தினிடையே அழைத்து அன்போடு பேசுகிறார்; விலக்கை நீக்கிவைக்க அதிமேற்றிராணியாரிடம் தாமே சொல்வதாக வாக்களிக்கிறார். இபார்ரா கட்டும் பள்ளிக்கூடத்துக்கு உதவி புரியுமாறு அதிகாரிகளுக்கும் கூறுகிறார். வாசிப்பவன் நெஞ்சு குளிர்கிறது. அச்சமயத்தில் கவர்னர் கூறும் யோசனையோ, இந்நாடு உனக்கு ஏற்றதன்று, சொத்தை விற்றுவிட்டு என்னோடு ஸ்பெயினுக்கு வந்துவிடு என்பது. பெற்றோர் வாழ்ந்த மண்ணிலேயே தானும் வாழ வேண்டும் என்கிறான் இபார்ரா. வாழ்ந்த மண்ணா, மாண்ட மண்ணா என்று கவர்னர் அவனைத் திருத்துகிறார். நாட்டின் தலைவரே, நாட்டிலுள்ள நல்லவன் ஒருவனுக்கு, ஓடிப்போவதைத் தவிர வேறு வழி காட்ட முடியவில்லை. இக்கட்டத்தை ஆசிரியர் கவர்னருக்குச் செய்த புகழ்ச்சியாகக் கொள்வோர் உளர். நாம் அங்ஙனம் கொள்ளவில்லை. தீயவரைத் தீயவராகக் காட்டுவது எந்தக் கதாசிரியருக்கும் எளிது. நல்லவரைக் கொண்டுவந்து நிறுத்தி, அவர் நன்மையால் ஆகக்கூடியது இவ்வளவே என்று அளந்து காட்டுவது அரிது. அந்த அரிய செயலை ரிஸால் இவ்வொரு சந்திப்பில் செய்து முடித்திருக்கிறார்.

வியப்பு இன்னும் ஒன்று உண்டு. நூல் வெளியான ஆண்டிலேயே ரிஸால் தாய்நாடு திரும்பினார். அப்போது கவர்னராயிருந்த தெர்ரேரோ அவரை அழைத்து மரியாதையாகவே பேசினார். உயிருக்கு ஆபத்து நேராதிருக்க ஸ்பானிய அதிகாரி ஒருவரைக் காவலாகவும் கொடுத்தார். பாதிரிமார் கூக்குரலிட்டனர், தணிக்கைக் குழு நூலைத் தடுக்க வேண்டும் என்றது. முடிவில் கவர்னர் ரிஸாலுக்குச் சொன்ன புத்திமதி நாட்டைவிட்டுப் போய்விடு என்பதே. 1888 பிப்ரவரியில் அவர் கப்பலேறினார். தாம் எழுதிய அத்தியாயத்தில் தாமே பாத்திரமாக நடிக்கும்படி நேர்ந்த ஆசிரியர் வேறெவரும் நம் நினைவுக்கு வரவில்லை.

இரண்டாம் நாவலாகிய "எல் பிலிபுஸ்தெரிஸ்மோ" 1891-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த கென்ட் நகரில் வெளியாயிற்று. இரண்டுக்கும் இடையில் ரிஸாலின் சொந்த ஊராகிய கலாம்பாவில் ஒரு கொடுமை நடந்தது. அவ்வூர் நிலமெல்லாம் தோமினிக்கன் சபையாருடையது. குத்தகை உயர்வை எதிர்த்து வழக்காடிய குடியானவர்களை வெளியேற்ற, தெர்ரேரோவுக்குப் பின் வந்த வெய்லர் என்னும் கவர்னர் 1890-ல் பட்டாளத்தை அனுப்பினார். வீடிழந்தவர்களுள் ரிஸாலின் பெற்றோரும் அடங்குவர்.

இந்நாவலின் பத்தாம் அத்தியாயமும் பதினோராம் அத்தியாயமும் அடுத்தடுத்து நிற்கும் விதத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். காட்டை வெட்டித் திருத்தி நிலமாக்கிய தாலெஸ் என்னும் உழவன், அந்நிலத்தைப் பாதிரிமார் தமதென்று உரிமை கொண்டாட, வழக்காடித் தோற்று, கடைசியில் கொள்ளைக்காரனாகிறான். அவ்விடத்தில் ரிஸால் திடீரென்று கதையை நிறுத்திவிட்டுக் கலாம்பா வாசிகளை நேரே விளிக்கிறார். அஞ்சாதீர்கள், உங்களில் எவர் பெயரும் தாலெஸ் அன்று என்று சொல்லி, நிலமிழந்து நாடுகடத்தப்பட்ட மெய்யான மனிதர்களின் பெயர்களை வரிசையாக எழுதுகிறார். தம் சொந்தத் தமையனின் பெயரும் அவ்வரிசையில் இருக்கிறது. கதையின் கட்டுக்கோப்பு இதனால் குலைகிறதென்று இலக்கணக்காரர் சொல்லக்கூடும். குலையத்தான் செய்கிறது. ஆனால் அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்.

அங்கே கவர்னர் ஜெனரல் லாஸ் பாஞோஸ் என்னும் ஊரில் சீட்டாடிக் கொண்டிருக்கிறார். வேட்டைக்குப் போனார், உடன் சென்ற வாத்தியக்காரர்களின் ஆரவாரத்தில் காட்டில் ஒரு விலங்கும் நிற்கவில்லை, எனவே சீட்டு. சிபிலா, இரேனே என்னும் இரு பாதிரிமாரும் அவரை மகிழ்விக்க வேண்டுமென்றே தோற்கிறார்கள். இந்தச் சூட்சுமம் தெரியாத கமோர்ரா பாதிரியார் கோபத்தால் கொதிக்கிறார். இடையிடையே காரியதரிசி அரசாங்கக் காகிதங்களை வாசிக்கிறார். மாணவர்கள் ஸ்பானிய மொழிப் பள்ளி வேண்டுமென்று கேட்ட மனுவைப் பற்றிய பேச்சு சீட்டோடு சீட்டாகக் கலைக்கப்படுகிறது. பள்ளிக்கு நல்ல கட்டடம் வேண்டிய உபாத்தியாயரின் மனு, மனுச் செய்தவருக்கே தண்டனையாக முடிகிறது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கவர்னர் இரக்கம் காட்டுகிறார்: மகனுக்குப் பதிலாகப் பிடித்து வைக்கப்பட்ட தாலெஸின் கிழத் தந்தையை விடுவிக்கும்படி உத்தரவிடுகிறார். பரிந்து பேசியவர் கமோர்ரா. கிழவரின் பேத்தி ஹூலியின்மேல் அப்பாதிரியாருக்குக் கண். பிற்பகுதியில் அப்பெண், சிறைப்பட்ட தன் காதலன் பஸிலியோவுக்காக வேறு வழியின்றி அவரிடமே சென்று, மாளிகைச் சாளரத்திலிருந்து குதித்து உயிர் விடுகிறாள். கவர்னரின் தீமையைவிட அவருடைய தயவு இந்நூலில் அதிக அச்சத்தை விளைவிக்கிறது.

முன்னைய நூலின் நல்ல கவர்னருக்கும் இந்நூலின் சீட்டாட்டக் கவர்னருக்கும் பெயரில்லை. பாதிரிமார் ஒவ்வொருவருக்கும் பெயருண்டு. வண்டிக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் உண்டு. நிலமிழந்த குடியானவனுக்கோ அவனுடைய உண்மைப் பெயரே உண்டு. நாட்டின் தலைவர் மட்டும் "மேன்மை தங்கியவர்" என்ற பட்டத்தோடு வந்து பட்டத்தோடு போகிறார். அச்சத்தால் பெயரை ஆசிரியர் மறைத்தார் என்பது பொருந்தாது. அஞ்சுபவர் கலாம்பாவின் பெயர்களை அச்சிட்டிருக்க மாட்டார். நாற்காலியில் அமர்பவர் மாறுவர், நாற்காலி மாறாது என்பதையே அவர் கண்டார் என்று நாம் கருதுகிறோம். 1869-ல் வந்த தெ லா தோர்ரே என்ற கவர்னர் ஆடம்பரத்தை விட்டு ஜனங்களோடு கலந்து பழகினார். 1871-ல் அடுத்தவராகிய இஸ்கியெர்தோ வந்து அவ்வளவையும் துடைத்தெறிந்தார். மறு ஆண்டு மூன்று சுதேசிக் குருமார் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டனர். இரண்டாம் நாவல் அம்மூவருக்கே காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது.

குறைகளையும் கூறாதிருத்தல் நேர்மையன்று. சிமௌன் என்னும் வஞ்சம் தீர்ப்போன் பேசும் இடங்களில் மேடை நாடகத்தின் வாடை வீசுகிறது. இறுதியில் நல்ல பாதிரியார் செய்யும் பிரசங்கம் நீளம். இவற்றைவிடப் பெரிய குறை, பெண்களைப் பற்றியது. ஸிஸா பித்துப் பிடிக்கிறாள், மரியா கிளாரா கன்னிமாடத்தில் அடைபடுகிறாள், ஹூலி குதித்து மாய்கிறாள். 1888 டிசம்பரில் மலோலோஸ் என்னும் ஊரின் இளம் பெண்கள் இருபதுபேர் திரண்டு, இரவுப்பள்ளி வேண்டுமென்று கவர்னர் வெய்லரின் கையிலேயே மனுவைக் கொடுத்தார்கள். பாதிரியார் தடுத்தும் அவர்கள் விடவில்லை. மறு ஆண்டு அனுமதி பெற்றார்கள். அவர்களைப் பாராட்டி நீண்ட கடிதம் எழுதியவர் இதே ரிஸால். அங்ஙனமிருக்க, இரண்டு ஆண்டு கழித்து வந்த நாவலில் அத்தகைய பெண்ணொருத்திக்கு முக்கிய இடம் கொடுக்க அவருக்கு மனம் வராதது ஏன்? நமக்கு இது மன்னிக்க முடியாத விடுதலாகவே தோன்றுகிறது.

சீட்டாட்ட அத்தியாயத்துக்கு அடுத்தபடி நாம் போற்றுவது "உயர்ந்த அதிகாரி" என்னும் பகுதி. குற்றமற்ற பஸிலியோவை விடுவிக்குமாறு ஸ்பானிய அதிகாரி ஒருவர் கவர்னரிடம் மன்றாடுகிறார். என்னை இங்கே அமர்த்தியவர்கள் இந்நாட்டு ஜனங்கள் அல்லவே என்பது கவர்னரின் கருத்து. பதவியை விரைவில் துறக்கவிருக்கும் அதிகாரி வெளியே வருகிறார். வண்டியேறும்போது, நீங்கள் விடுதலை பெறும் நாளில் ஸ்பெயினிலும் உங்களுக்காக உருகிய உள்ளங்கள் இருந்தன என்பதை மறவாதே என்று தம் சுதேசி ஏவலாளனிடம் சொல்கிறார். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கே போகவேண்டும் ஐயா என்று கேட்கிறான். அவ்வளவுதான். அந்த அதிகாரிக்கும் ஆசிரியர் பெயர் கொடுக்கவில்லை.

இவ்வளவு தெளிவாகக் கண்டெழுதியவர் தம் வாழ்வில் என்ன செய்தார் என்பது நம்மை வருத்துகிறது. 1892-ல் தெஸ்புஹோல் என்ற கவர்னரை நம்பி மணிலா திரும்பினார். சில நாட்களில் தாபிதானுக்கு நாடுகடத்தப்பட்டு நான்கு ஆண்டுகள் அங்கே கழித்தார். 1896-ல், கியூபாவில் வைத்தியராகப் பணிபுரிய அனுமதித்த பிளாங்கோ என்ற கவர்னர், அவருடைய நடத்தையைப் புகழ்ந்து மாட்ரிட் மந்திரிகளுக்குக் கடிதங்கள் கொடுத்தனுப்பினார். செப்டம்பரில் கப்பல் சிங்கப்பூரில் நின்றபோது உடன் வந்த செல்வர் பெத்ரோ ரோஹாஸ் இறங்கிக்கொண்டார்; ரிஸாலையும் இறங்கச் சொல்லி வேண்டினார். கவர்னருக்குக் கொடுத்த வாக்கை மீறலாகாதென்று ரிஸால் மறுத்துவிட்டார். பார்ஸிலோனாவில் அவரைக் கைது செய்து, பட்டாளம் ஏற்றிய கப்பலில் திருப்பி அனுப்பினார்கள். அக்டோபர் இறுதியில் அக்கப்பலும் சிங்கப்பூரில் நின்றது. ஐரோப்பாவிலிருந்த நண்பர்களின் ஏற்பாட்டால் ஹியூ போர்ட் என்ற வக்கீல், அவரை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டுமென்று மனுச் செய்தார். ஸ்பானிய அரசின் படையை ஏற்றிய கப்பலில் இந்த நீதிமன்றம் தலையிட முடியாதென்று மனு தள்ளப்பட்டது. டிசம்பர் 30-ல் மணிலாவில் அவர் சுடப்பட்டார். தண்டனைக்கு ஒப்பமிட்டவர் பிளாங்கோவுமல்லர். அம்மாதந்தான் அவர் நாற்காலியில் வந்தமர்ந்த பொலாவியேஹா.