எழுத்தைக் கலைத்தால் கேம்ப்

பம்பாயில் எங்கள் பகுதிக்குச் சீத்தா கேம்ப் என்று பெயர். ஆனால் இங்கே யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை. மான்குர்ட் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் 'கேம்ப்' என்றால் போதும். அந்தச் சொல் ஒரு ஜப்பானிய அனிமே தொடருக்குள் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டுப் பெண். பதினோராம் வகுப்பு படிக்கிறாள்.

தொடரின் பெயர் 'கனாத்தா நோ அஸ்திரா'. கென்டா ஷினோஹரா 2016, 17இல் வரைந்த மங்கா, ஐந்தே தொகுதிகளில் முடிந்தது. 2019இல் மங்கா தைஷோ விருது பெற்றது. அதே ஆண்டு ஜூலையில் லெர்ச் ஸ்டுடியோ அதை மசாவோமி ஆண்டோவின் இயக்கத்தில் பன்னிரண்டு பகுதிகளாக எடுத்தது. பள்ளிப் பிள்ளைகள் ஒன்பது பேர் ஐந்து நாள் முகாமுக்காக ஒரு கோளுக்குப் போகிறார்கள். இறங்கிய சற்று நேரத்தில் ஓர் ஒளி உருண்டை வந்து அவர்களை விழுங்கி, 5012 ஒளியாண்டுகளுக்கு அப்பால் வெட்டவெளியில் துப்பிவிடுகிறது. பக்கத்தில் ஆளில்லாத பழைய கப்பல் ஒன்று மிதக்கிறது. அதில் ஏறி வீடு திரும்ப வேண்டும். அந்த முகாம் நடக்க இருந்த கோளுக்குப் பெயர் மேக்பா.

பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் திடீரென்று நோட்டை எடுத்து மேக்பாவின் ஆங்கில எழுத்துகளை எழுதினாள். மாற்றி எழுதினாள். 'கேம்ப்' என்று வந்தது. பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. வழியில் வரும் கோள்களில் விலாவர்ஸைக் கலைத்தால் 'சர்வைவல்', ஷும்மூரில் 'மஷ்ரூம்', ஆரிஸ்பேடில் 'பாரடைஸ்', இக்ரிஸில் 'கிரைசிஸ்'. கோளுக்குக் கோள் என்ன காத்திருக்கிறது என்பதை ஆசிரியர் பெயரிலேயே எழுதி, எல்லோர் கண்முன்னும் வைத்துவிட்டிருக்கிறார். பெயரை வாசித்துவிட்டுத் தாண்டிப் போகிறவர்களுக்கு அது வெறும் பெயர். நின்று பார்த்தவளுக்கு ஒரு கதவு திறந்தது.

தொலைந்துபோன பிள்ளைகளின் கதை ஜப்பானில் பழைய சரக்குதான். ஜூல்ஸ் வெர்னின் 'இரண்டு வருட விடுமுறை' 1896லேயே அங்கே மொழிபெயர்ப்பாகி, 'பதினைந்து சிறுவர்கள்' என்று தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்டது. அந்த விதையை விண்வெளிக்குக் கொண்டுபோன தொடர்களில் 1983இன் 'வைஃபாம்' ஒன்று. 1999இல் வந்த 'இன்ஃபினைட் ரைவியஸ்' அதையே இருட்டாக்கியது. பெரியவர்கள் இல்லாத கப்பலில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தின்னும் நிலைக்கு வருவார்கள். அஸ்திரா அந்த வழியில் போகவில்லை. அது எண்ணிக்கையின் வழியில் போகிறது. நான் அதன்மேல் கொண்ட காதலுக்குக் காரணம் அதுதான்.

முதல் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரீஸ் என்ற பெண் வெட்டவெளியில் தனியாக விலகிப் போய்க்கொண்டிருக்கிறாள். கனாத்தா என்ற பையன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வெளியே பாய்கிறான். "மாமா, கயிறு பத்தாது பாருங்க" என்றான் என் அக்கா மகன், சொல்லி வாய் மூடுமுன் கயிறு இழுத்து நிறுத்திவிட்டது. கனாத்தா ஒரு நொடி தயங்கிவிட்டுக் கயிற்றைக் கழற்றுகிறான். பெண்ணைப் பிடித்துவிடுகிறான். திரும்பும் வழியில் அவனுடைய உந்துவிசையும் கைவிடுகிறது. அப்போது கப்பலிலிருந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்து மற்றவர்கள் நீண்டு வருகிறார்கள். பெரும்பாலும் அன்று காலையில்தான் ஒருவரை ஒருவர் பார்த்த பிள்ளைகள். இழுத்து நிறுத்திய கயிறும் நீண்டு வந்த கைகளும் ஒரே நீளக் கணக்கின் இரண்டு பக்கங்கள். கயிற்றுக்கு அளவு உண்டு. இன்னும் ஓர் ஆள் சேர்ந்தால் கைக்கு நீளம் கூடும். இதை வசனமாக யாரும் சொல்லவில்லை. உருவமாகவே வைத்துவிட்டார்கள்.

அடுத்தது சோறு. தண்ணீரைக் கப்பல் சுத்திகரித்துத் தரும். உணவோ இருபது நாளுக்கு மேல் சேமிக்க முடியாது. ஆகவே இருபது நாள் தூரத்துக்குள் தின்னக்கூடியது ஏதாவது விளையும் கோள் ஒன்று இருந்தாக வேண்டும். அங்கிருந்து இன்னொரு இருபது நாளுக்குள் மற்றொன்று. ஆற்றில் கல்லுக்குக் கல் தாவிக் கரையேறுவதுபோல ஐந்து கோள்கள். ஸாக் என்ற பையன் கணக்குப் போட்டு இந்த வழியைக் கண்டுபிடிக்கும் காட்சியில் கட்டிலோரம் உட்கார்ந்திருந்த எங்கள் ஆச்சி நிமிர்ந்தாள். அதுவரை அவளுக்குப் படத்தில் நாட்டமில்லை. ஜப்பானியப் பேச்சு, ஆங்கில வரி. இரண்டையும் அக்கா மகன் எங்கள் பம்பாய்த் தமிழில் உடனுக்குடன் சொல்லிக்கொண்டிருந்தான். "எத்தனை பேருக்கு எத்தனை நாள்னு முதல்லயே எண்ணிட்டாம் பாரு. இவன் பிழைச்சுக்கிடுவான்" என்றாள். ரேஷன் மண்ணெண்ணெயை மாதக் கடைசிவரை இழுத்துப் பிடித்த கை அவளுடையது. தொடரைப் பற்றி நான் கேட்ட கருத்துகளில் இதைவிடக் கூர்மையான ஒன்று இல்லை.

அக்கா மகனுக்குக் குறைகள் உண்டு. அவன் அறிவியல் படிக்கிறவன். போகிற கோளிலெல்லாம் மூச்சுவிடக் காற்று இருப்பது எப்படி என்று கேட்டான். நியாயமான கேள்வி, நான் தலையாட்டினேன். ஆபத்து நடுவில் ஜோக் அடிக்கிறார்கள் என்றான். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. கீட்ரி என்ற பெண் சிடுசிடுப்பதும், அவள் தங்கை ஃபூனீ கைப்பொம்மையைப் பேசவிட்டுக் குத்திக் காட்டுவதும் நேரம் போக்க வந்தவை அல்ல. வீட்டில் சாவு விழுந்த அன்றும் ஒரு சித்தப்பா ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார் இல்லையா? அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் பத்தாவது நாளே உடைந்திருப்பார்கள்.

இக்ரிஸ் கோளில் கப்பல் விழுந்து நொறுங்குகிறது. ஒரு பக்கம் எப்போதும் பகல், மறு பக்கம் எப்போதும் இரவு என்றிருக்கும் கோள் அது. அங்கே அதே வகைக் கப்பல் இன்னொன்று பாழாய்க் கிடக்கிறது. இதில் உடைந்தது அதில் நன்றாக இருக்கிறது. இரண்டையும் பிரித்து ஒன்றாகச் சேர்த்துப் புறப்படுகிறார்கள். ஆச்சி மறுபடி பேசினாள். "நாங்களும் அப்படித்தான் கொண்டாந்தோம். பழைய வீட்டுத் தகரம், பழைய வீட்டுக் கட்டை."

தொடரைப் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.

பாழடைந்த கப்பலில் உறைநிலைத் தூக்கத்தில் ஒரு பெண் இருக்கிறாள், பெயர் பொலினா. எழுந்து பேசும்போது தான் பூமியைச் சேர்ந்தவள் என்கிறாள். பிள்ளைகள் விழிக்கிறார்கள். பூமியா, அது எங்கே இருக்கிறது? அவர்களுடைய ஊர் அஸ்திரா என்ற கோள். அதுவரை எந்தப் பிள்ளையும் பூமி என்ற சொல்லைச் சொன்னதில்லை. வீடு, ஊர் என்று அவர்கள் சொன்னபோதெல்லாம் நாம்தான் பூமி என்று நிரப்பிக்கொண்டோம். எட்டு, ஒன்பது பகுதிகள் ஒரு சொல்லைச் சொல்லாமலே கொண்டுபோவது சாதாரணத் திறமை இல்லை. பெரியவர்கள் ஒரு காலத்தில் பூமியை விட்டு மொத்தமாக இடம்பெயர்ந்து வந்தவர்கள். வந்த இடத்தில் நிலத்துக்காக அடித்துக்கொண்டு செத்தார்கள். மிச்சமிருந்தவர்கள் பழைய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை என்று முடிவெடுத்துப் பாடப் புத்தகத்தை மாற்றிவிட்டார்கள்.

இடம்பெயர்ந்த கதை எங்களுக்கும் உண்டு. எங்கள் ஜன்னலுக்கு அப்பால் டிராம்பே குன்று தெரியும். அதன் அந்தப் பக்கம் பாபா அணு ஆராய்ச்சி மையம். இந்தியாவின் முதல் அணு உலையான அப்சரா 1956இல் இயங்கத் தொடங்கியது அங்கேதான். அந்த மையத்துக்கு இடம் வேண்டும் என்று 1976 மே மாதம், நெருக்கடி நிலைக் காலத்தில், எங்கள் பழைய வீடுகள் இருந்த ஜனதா காலனியை இடித்தார்கள். ஏறத்தாழ எழுபதாயிரம் பேரைக் கொண்டுவந்து இறக்கிய சதுப்புநிலம்தான் இந்தக் கேம்ப். காலனிக்காகப் பல ஆண்டுகள் போராடியவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலிலிருந்து பதின்வயதில் பம்பாய் வந்து, படுக்க இடமில்லாமல் வெட்டவெளியில் தூங்கியவர். பின்னாளில், 2000இல், மகசேசே விருது பெற்றார். தொலைந்த பிள்ளைகளின் கதையை எழுதுகிற யாரும் அவரிடமிருந்தே தொடங்கியிருக்கலாம்.

"அந்தப் பெரியவங்க ஏன் சொல்லலையாம்?" என்று கேட்டாள் ஆச்சி. அக்கா மகன், "சொன்னா திரும்பச் சண்டை வரும்னு பயம், ஆச்சி" என்றான். அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்திருந்தாள். பிறகு லாரி வந்த காலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். கடல் ஏறும்போதெல்லாம் கட்டிலின் காலடிக்குத் தண்ணீர் வந்தது, பழைய சந்தில் குழாய்க்குப் பக்கத்து வீடு யாருடையது, அவர்கள் இங்கே எந்த செக்டரில் விழுந்தார்கள் என்று ஒவ்வொன்றாக. நான் இதைத் துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறேன். வரிசையாகக் கேட்டதில்லை. அக்கா மகன் கேட்டதே இல்லை. அவன் படத்தை நிறுத்திவிட்டான்.

பக்கத்து வீட்டுப் பெண் கோள்களின் பெயரைக் கலைத்த அதே பக்கத்தைத் திருப்பி, ஒரு கோடு இழுத்து, "ஆச்சி, குழாய் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"வலது கைப் பக்கம்" என்றாள் ஆச்சி. "அதுக்கு அடுத்தாப்ல நம்ம வீடு."