அறுவைத் தழும்பின் நிறமும் அதற்கான சிகிச்சையும்

அறுவை சிகிச்சைத் தழும்பின் நிறமாற்றம் என்று ஒரே பெயரால் சுட்டப்படுவது உண்மையில் மூன்று வேறு நிலைகளாகும்: காயம் ஆறுகையில் பெருகும் நுண்குருதிக் குழாய்களால் வரும் சிவப்பு, அழற்சியால் தூண்டப்பட்ட நிறமிச் செல்கள் மெலனின் என்னும் கருநிறமியை மிகுதியாக ஆக்குவதால் வரும் கருமை, அச்செல்கள் அழிவதாலோ செயல் குன்றுவதாலோ வரும் வெளுப்பு. தழும்பு முதிர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆவதும், அதற்குள் முதலிரண்டும் பெரும்பாலும் தாமே மங்குவதும் சிகிச்சைகளை மதிப்பிடுவதற்குப் பெருந்தடையாகின்றன. ஆறு மாதம் பூசிய களிம்பின் பயன் எது, ஆறு மாதம் கழிந்ததன் பயன் எது என்பதை ஒப்பீடில்லாத ஆய்வு பிரித்துக் காட்டாது. 1999இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், 15 பேரின் தழும்புகளில் ஒரு பாதிக்கு வெறும் களிம்பும் மறுபாதிக்கு வைட்டமின் ஈ கலந்த களிம்பும் பூசிப் பார்த்தபோது, பெரும்பாலோருக்கு வைட்டமினால் நன்மை விளையவில்லை என்பதோடு மூன்றில் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமையும் உண்டாயிற்று. ஆயினும் வைட்டமின் ஈ களிம்புகள் இன்றும் விற்கப்படுகின்றன.

கருமைக்குத் தரப்படும் ஹைட்ரோகுயினோன், மெலனின் உருவாவதற்குத் தேவையான டைரோசினேஸ் நொதியைத் தடுப்பதால், மேல்தோலில் தங்கிய நிறமியை மெய்யாகவே குறைக்கிறது. இதனுடன் ட்ரெட்டினாயினையும் ஸ்டீராய்டையும் சேர்த்து 1975இல் தோல் மருத்துவர் கிளிக்மன் வகுத்த கூட்டுக்களிம்பின் வழிவந்தவை இன்றும் வழக்கில் உள்ளன. ஆனால் உள்தோலில் இறங்கிய நிறமியை ஹைட்ரோகுயினோன் எட்டாது. நெடுநாள் பூசினால் நீலங்கலந்த கருமை நிலைத்துவிடலாம். ஸ்டீராய்டோ தோலை மெலியச் செய்யும். இந்தியாவில் மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பல 2018இல் மருத்துவர் சீட்டுக்குரிய பட்டியலில் சேர்க்கப்பட்ட பின்னரும் மருந்துக்கடைகளில் கேட்டவுடன் கிடைப்பதால், குறை மருந்தில் மட்டுமன்றி விற்கும் முறையிலும் இருக்கிறது.

சிவப்புக்கு 595 நானோமீட்டர் சாய லேசர் பொருத்தமானது. குருதியிலுள்ள ஹீமோகுளோபின் அவ்வொளியை ஈர்த்துச் சூடாக, சுற்றுத்திசு பெரிதும் கெடாமல் குழாய்கள் சுருங்குகின்றன. எனினும் அதே ஒளியை மெலனினும் ஈர்ப்பதால், கரிய தோலில் சிகிச்சையே புதிய கருமைக்கோ வெளுப்புக்கோ காரணமாகலாம். வெளிர்தோலில் கிடைத்த முடிவுகளை அப்படியே தமிழ்நாட்டு நோயாளிக்குப் பொருத்துவது இதனாலேயே பிழையாகும். வெளுப்புக்கு உறுதியான மருந்தில்லை; நிறத்துக்கேற்பப் பச்சை குத்துதல் ஒருவகை மறைப்பே.

வெயில் தடுப்பு எளியது, தீங்கும் குறைவு; கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கரிய தோலைக் கருக்கவைப்பதால் இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் கழுத்து, முகத் தழும்புகளுக்கு ஏற்றது. சேலைக்குள் மறைந்திருக்கும் சிசேரியன் தழும்புக்கும் அதையே எழுதித் தருவதில் பொருளில்லை. எந்த நிறம், எத்தனை மாதத் தழும்பு என்று பார்க்காமல் எழுதப்படும் எந்தக் களிம்பும் சிகிச்சை ஆகாது.