மலர்களில் இல்லாத கிளை

திரிங்காப்பில் பெரியப்பா வீட்டுத் தகரப்பெட்டி ஒன்றில் இரண்டு வகைக் காகிதம் கிடக்கிறது. ஒன்று, வழவழப்பான தாளில் அச்சான சங்க மலர்கள். இன்னொன்று, ஓரம் அரித்துப்போன ஒரு பள்ளிக்கூட நோட்டு. பேராக்கில் அவர் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் இயங்கிய மணிமன்றக் கிளையின் கூட்டக் குறிப்பு அது. கிளைச் செயலாளர் என்ற முறையில் அவரே எழுதியது. கேமரன் மலைக்குக் காய்கறித் தோட்ட வேலைக்கு ஏறி வந்தபோது அதையும் சுமந்து வந்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு வந்த கோபம்தான் இந்தக் கட்டுரை.

மணிமன்றம் என்றால் என்ன என்று இன்றைய மாணவர் பலருக்குத் தெரியாது. 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’, 1950களின் தொடக்கத்தில் மாணவர் எழுதுவதற்கென்று ‘மாணவர் மணிமன்றம்’ என்ற பகுதியைத் திறந்தது. பத்திரிகைப் பக்கமாகப் பிறந்தது, படித்தவர்கள் ஒன்றுகூடும் மன்றமாக மாறியது. பட்டணம், தோட்டம் என்று கிளைகள் முளைத்தன. மலேசியாவில் அது தமிழ் இளைஞர் மணிமன்றமாக வளர்ந்தது. கல்லூரி வாசலைப் பார்க்காத பையன்களுக்குக் கிடைத்த கல்லூரிச் சங்கம் என்றுகூட அதைச் சொல்லலாம். பேச்சு, எழுத்து, நாடகம், பந்து எல்லாம் அங்கேதான்.

இந்த வரலாற்றை மலர்கள் எப்படிச் சொல்கின்றன? எந்தச் சங்கத்து மலரை எடுத்தாலும் அமைப்பு ஒன்றுதான். முதலில் பிரமுகர்களின் வாழ்த்துச் செய்திகள். அடுத்து தலைவர் படம், துணைத்தலைவர் படம். பிறகு ‘கடந்து வந்த பாதை’ என்று ஒரு கட்டுரை. அந்தப் பாதையில் மாநாடுகளும் பொறுப்பாளர் பட்டியலும் மட்டுமே நடந்துபோகும். கிளைகள் எண்ணிக்கையாக வரும், அவ்வளவுதான். மலரில் நான் நம்பிப் படிப்பது கடைசிப் பக்க விளம்பரங்களைத்தான். மளிகைக்கடை, தையல்கடை, நகைக்கடை. யார் காசு போட்டார்கள் என்ற உண்மையாவது அங்கே இருக்கிறது.

நோட்டு வேறு மாதிரி. கூட்டம் போட மானேஜரிடம் அனுமதி கேட்டது, கோயில் மண்டபம் கிடைக்காமல் ஒத்திவைத்தது, கேஸ் விளக்குக்கு யார் யார் எத்தனை காசு கொடுத்தார்கள், சந்தா கட்டாதவரை நீக்கலாமா என்று இரண்டு கூட்டம் சண்டை போட்டது. முடிவு: நீக்க வேண்டாம், அவர் வீட்டில் காய்ச்சல். ஒரு சங்கம் எப்படி உயிரோடு இருந்தது என்பதை இந்த ஒரு குறிப்பு சொல்கிறது. எந்த மலரும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

தலைமைதான் வேர், கிளை அதன் நிழல் என்று நினைப்பது நம் பழக்கம். அமெரிக்கக் கல்லூரிகளில் இருக்கும் கிரேக்க எழுத்துச் சகோதர சங்கங்களுக்கெல்லாம் முன்னோடி ஃபை பீட்டா கப்பா. 1776 டிசம்பர் 5இல் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் தொடங்கியது. ரகசியமாகக் கூடி வாதமும் கட்டுரையும் பழகினார்கள். நான்கு ஆண்டுதான். போர் நெருங்கியதும் 1781இல் தாய்ச்சங்கம் மூடப்பட்டது. ஆனால் அதற்குள் யேல், ஹார்வர்ட் இரண்டுக்கும் கிளை அனுமதி போயிருந்தது. சங்கத்தைப் பிழைக்க வைத்தவை அந்தக் கிளைகள்தான். அவை தங்கள் ஏடுகளைப் பாதுகாத்தன. நம்மிடம் அந்தப் பழக்கம் இல்லை.

அதனால் என்ன நட்டம்? யோசிச்சுப் பாருங்க. 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை வந்தது. அங்கே சமஸ்கிருதமா தமிழா என்ற வாதத்தில் தமிழுக்காக நின்றவர் சாரங்கபாணி. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். சாதாரண உழைப்பாளிகளும் கொடுத்தார்கள். 1966இல் அதே பல்கலைக்கழகத்தை மையமாக வைத்துத் தனிநாயகம் அடிகள் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தினார். இந்த இரண்டும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் லயத்து வாசலில் துண்டு விரித்துக் காசு வாங்கியவன் யார்? அவன் அதற்கு முன் எதைப் படித்திருந்தான், யாரோடு விவாதித்தான்? அந்தப் பதில் கிளை நோட்டுகளில்தான் இருக்கும். நோட்டு போனால் மக்கள் கட்டிய துறை, தலைவர்கள் கட்டிய துறையாக மட்டும் மிஞ்சும்.

கிளையைப் புனிதமாக்கவும் நான் தயாரில்லை. பெரியப்பாவின் நோட்டில் ஒரு பெண்ணின் பெயர்கூட உறுப்பினராக இல்லை. தேநீர் போட்டவர்களுக்கு நன்றி என்று மட்டும் இருக்கிறது. பெரியம்மாவிடம் கேட்டேன். “நாங்க பின்னாடி நின்னு கேட்போம்டா. பேசச் சொல்லி யாரும் கூப்பிடல” என்றார். சமத்துவம் பேசிய மேடைதான் அதுவும்.

எழுத்து விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். மன்றம் வளர்த்தது பெரும்பாலும் போட்டி எழுத்து. தலைப்பு கொடுப்பார்கள், நேரம் கொடுப்பார்கள், அடுக்குமொழியில் முழங்கினால் பரிசு. அண்ணாவின் மேடைத்தமிழ் எல்லார் நாக்கிலும் இருந்த காலம். அந்தப் பழக்கம் இன்னும் நம் உரைநடையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1980களிலிருந்து நடத்தும் சிறுகதைப் போட்டி பல நல்ல கதைகளைத் தந்திருக்கிறது. மறுக்கவில்லை. ஆனாலும் நடுவரை மனதில் வைத்துக் கடைசிப் பத்தியில் நீதி சொல்லும் கதைகள் எங்கிருந்து வந்தன என்று தேடினால், வழி மணிமன்ற மேடைக்குத்தான் போகும். அந்த மேடைகளின் கதையை எழுதாமல் மலேசியச் சிறுகதையின் கதையை எழுத முடியாது.

நோட்டின் கடைசிக் குறிப்புகளில் வருகை குறைகிறது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானது, ஆயிரக்கணக்கானோர் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். இதை நாம் அரசியல் வரலாறாகப் படித்திருக்கிறோம். நோட்டில் அது வேறு வடிவத்தில் இருக்கிறது: பொருளாளர் ஊருக்குப் போகிறார், அடுத்த மாதம் புத்தகப் பொறுப்பாளர், அதற்கடுத்து கோரம் இல்லாததால் கூட்டம் நடக்கவில்லை. பிறகு வெறும் பக்கங்கள். பெரியப்பாவிடம், “ஏன் நிறுத்தினீங்க?” என்று கேட்டேன். “எழுதிக் காட்ட ஆள் இல்ல” என்றார்.

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் சாலையில் திரிங்காப்பைத் தாண்டுகிறவர்களுக்குத் தெரிவது பிளாஸ்டிக் கூரைபோட்ட காய்கறித் தோட்டங்கள்தான். சுற்றுலா வருகிறவர்கள் தேயிலைச் சரிவில் படம் எடுப்பார்கள். 1929இல் போ நிறுவனத்தை ரஸ்ஸல் தொடங்கினார் என்ற தகவலும் எளிதாகக் கிடைக்கும். அங்கே கொழுந்து எடுத்தவர்கள் மாலையில் கூடி என்ன படித்தார்கள் என்பதற்கு அப்படி ஒரு பலகை கிடையாது. நிறுவனம் தன் கதையை எழுதி வைத்தது. நாம் மலர் போட்டோம்.

இனி மலர் போடுகிறவர்கள் ஒன்று செய்யலாம். வாழ்த்துச் செய்திகளில் பாதியைக் குறைத்து, அந்தப் பக்கங்களில் ஒரு கிளையின் ஒரு வருடக் குறிப்பை அப்படியே, எழுத்துப்பிழையோடு அச்சிடுங்கள். ஆராய்ச்சி மாணவர்கள் தலைவர்களைப் பேட்டி எடுப்பதற்கு முன் பழைய கிளைச் செயலாளர்களின் வீட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தத் தலைமுறைக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. பெரியப்பாவின் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துவிட்டேன். ஈரம் பட்ட பதினோரு பக்கங்களைப் படிக்க முடியவில்லை. அவருக்கும் அதில் என்ன எழுதினார் என்று ஞாபகம் இல்லை.