துச்சாதனன் கும்பிடும் நேரம்

பெண்ணிய நாடகம் மேலைநாட்டுச் சரக்கு, நகரத்து அரங்குகளில் படித்தவர்கள் தமக்குள் நடத்திக்கொள்வது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. பூந்தமல்லியில் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போனால் இந்த எண்ணம் நிற்காது. காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாவுக்கு விடிய விடியப் பாரதக் கூத்து வைக்கிறார்கள். அதில் ‘பகடை துகில்’ ஆடும் இரவைக் கவனிக்க வேண்டும். தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று சபையை நோக்கிக் கேட்கிறாள் பாஞ்சாலி. பெரியவர்கள் வாயடைத்து நிற்கிறார்கள். துச்சாதனன் சேலையைத் தொடப்போகும் இடத்தில் பல ஊர்களில் ஆட்டம் நின்றுவிடும். கற்பூரம் ஏற்றுவார்கள். வேஷக்காரர் துச்சாதனனை உதறிவிட்டு வெளியே வந்து, அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்ட பிறகே கை நீட்டுவார். வன்முறையைக் காட்டவும் வேண்டும், அது பார்க்கிறவனுக்கு வேடிக்கையாகிவிடவும் கூடாது. இன்றைய பெண்ணிய இயக்குநர்கள் ஒவ்வொரு ஒத்திகையிலும் மல்லுக்கட்டும் சிக்கல் இதுதான். கூத்து அதற்கு எப்போதோ ஒரு வழி கண்டிருக்கிறது.

அந்தப் பாஞ்சாலி ஆண்தானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெண் வேஷம் கட்டியது தலைமுறை தலைமுறையாக ஆண்கள்தான். நகரமும் மாறுபடவில்லை: பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் அவருக்கு நாயகியாக நடித்துப் புகழ்பெற்றவர் ரங்கவடிவேலு. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களையே வைத்து நாடகக் கம்பெனி நடத்தியும், நம் நாடக வரலாற்றில் அவருக்குக் கிடைத்த பக்கங்கள் சொற்பம். அம்மன் என்று கும்பிட்ட ஊரே தன் பெண்களை மேடைக்குக் கீழே உட்கார வைத்தது. இதை மழுப்பக் கூடாது. ஆனால் இதனால் கூத்து பெண்ணிய நாடகத்தின் வேர் இல்லை என்று ஆகிவிடாது. கேள்வி அங்கே இருந்தது, கேட்க வேண்டியவள் மட்டும் இல்லை. அவள் வந்து நின்றபோது வடிவம் இடம் கொடுத்ததா என்பதே சோதனை.

கொடுத்தது. பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் பயின்றார்கள். அவர்கள் பாஞ்சாலியோடு நின்றுவிடவில்லை; கிரீடமும் புஜக்கட்டையும் கனக்கும் கட்டை வேஷத்தையும் கட்டினார்கள். பெண்ணொருத்தி துரியோதனனாகச் சுழன்று ஆடும்போது, வீரம் என்பது உடம்போடு பிறந்ததில்லை, கட்டிக்கொள்வது என்று விளக்கவுரை இல்லாமலே புரிந்துவிடுகிறது. இன்குலாப் எழுதி அ. மங்கை இயக்கிய ‘ஔவை’ இன்னும் பழைய வேரைத் தொட்டது. 1953-ல் வெளிவந்த ஜெமினி படத்தின் மூதாட்டியை விட்டுவிட்டு, ஊர் ஊராகப் பாடித் திரிந்த சங்ககால விறலியை மேடையேற்றியது. ஸ்ரீஜித் சுந்தரம் தன் குழுவுக்குச் சூட்டிய பெயர் ‘கட்டியக்காரி’. கூத்தை நடத்திச் செல்லும் கட்டியக்காரனுக்குப் பெண்பால் விகுதி சேர்த்ததிலேயே பாதி வாதம் முடிந்துவிடுகிறது. வங்கத்தில் சாவ்லி மித்ரா 1983-ல் கதகதா மரபை எடுத்துத் தனியொருத்தியாகப் பாஞ்சாலி கதையைச் சொன்னதும் இதே வழிதான்.

பிறகு ஏன் இந்த நாடகங்கள் எழும்பூரையும் பெசன்ட் நகரையும் தாண்டி வருவதில்லை? புறநகரில் பார்க்க ஆள் வராது என்கிறார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. அங்கே தையல் எந்திரத்தின் முன் நாளெல்லாம் குனிந்திருக்கும் பெண்களிடம் எவரும் கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. காலை ஷிப்டுக்குப் போகிறவளால் விடிய விடியக் கூத்துப் பார்க்க முடியாது என்பது உண்மை. அதற்காகக் கூத்தையே விட வேண்டியதில்லை. சனிக்கிழமை இரவு, கோயில் திடலில், பத்து மணிக்குள் முடிகிற இரண்டு மணி நேரத் ‘துகில்’ போதும். பாஞ்சாலியும் துச்சாதனனும் பெண்களாகவே இருக்கட்டும். ஆட்டம் நிற்கிற இடத்தில் கற்பூரத்தட்டை எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் கொடுக்கட்டும்.