பகவந்திக்கு ஐந்து பிள்ளைகள்

தூர்தர்ஷனில் 1984 ஜூலையில் தொடங்கி 156 பகுதிகள் ஓடிய 'ஹம் லோக்' தொடரை இந்தியாவின் முதல் மெகா சீரியல் என்பார்கள். அது எதற்காகப் பிறந்தது என்று அவ்வளவாகப் பேசுவதில்லை. குடும்பக் கட்டுப்பாட்டைப் பரப்பத்தான். மெக்சிகோவில் மிகேல் சபீதோ 1977இல் 'அகோம்பாஞாமே' என்ற தொடரில் இதைச் செய்துகாட்டியிருந்தார். அந்த முறையை இங்கே கொண்டுவந்தார்கள். மனோகர் ஷ்யாம் ஜோஷி எழுதினார்.

ஆரம்பப் பகுதிகளில் பிரசார நெடி தூக்கல். பார்வையாளர்களுக்குப் பிடிக்கவில்லை. சீக்கிரமே குடும்பக் கட்டுப்பாடு பின்னால் போய், குடும்பக் கதை முன்னால் வந்தது. குடிகாரக் கணவன் பசேசர் ராம், எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் மனைவி பகவந்தி, ஐந்து பிள்ளைகள். பகவந்தியைப் பார்த்து 'இப்படி இருக்கக் கூடாது' என்று பெண்கள் நினைக்க வேண்டும் என்பது திட்டம். ஆனால் பலர் அவளைத்தான் உத்தம மனைவி என்று கொண்டாடினார்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து நீதி சொல்லியும் அதுதான் நடந்தது.

இதைப் பார்வையாளர்களின் அறியாமை என்று சொல்வது எளிது. நான் அதைக் கதையின் கோளாறு என்பேன். பகவந்திக்கு அந்த வீட்டுக்குள் வேறு வழி எதையும் கதை காட்டவில்லை. வழியே இல்லாதவளிடம் மிஞ்சுவது பொறுமை மட்டும்தான். பார்ப்பவர்களும் அதைத்தானே மதிப்பார்கள்?

தான்சானியா வானொலியின் 'ட்வெண்டே நா வகாட்டி' 1993இல் தொடங்கியது. 'காலத்தோடு போவோம்' என்று பொருள். மென்பொருள்காரனான எனக்கு இதில் முதலில் கண்ணில் பட்டது அதன் சோதனை முறை. டொடோமா பகுதிக்கு மட்டும் 1995 வரை தொடரை ஒலிபரப்பவில்லை. நாங்கள் ஆபீசில் செய்கிற ஏ/பி டெஸ்ட் மாதிரியேதான். தொடர் கேட்ட பகுதிகளில் கருத்தடைப் பயன்பாடு டொடோமாவை விட அதிகம் உயர்ந்தது. கேட்டவர்கள் கணவன், மனைவி, நண்பர்களிடம் அதைப் பற்றிப் பேசியதும் கூடியது. கதையின் நடுவில் இருந்தவன் ம்க்வாஜு, ஊர் ஊராகப் பெண் தேடும் லாரி டிரைவர். அவன் மனைவி டுனு பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவனை விட்டு விலகுகிறாள். பகவந்திக்குக் கிடைக்காத கதவு டுனுவுக்குக் கிடைத்தது. முக்கியமாக, அந்தக் கதை ஆணையும் பார்த்துப் பேசியது.

பிரேசிலில் அறிவுரையே கிடையாது. குளோபோ தொலைக்காட்சி ஒவ்வொரு பகுதியாகப் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த இடங்களில் பிறப்பு விகிதம் குறைந்ததை லா ஃபெராரா, சோங், துரியா மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். 1965 முதல் 1999 வரையிலான தொடர்களில் ஐம்பது வயதுக்கு உட்பட்ட முக்கியப் பெண் பாத்திரங்களில் 72 சதவீதத்தினருக்குக் குழந்தையே இல்லை; 21 சதவீதத்தினருக்கு ஒன்றே ஒன்று. யாரும் யாரையும் அளவோடு பெறச் சொல்லவில்லை. சின்னக் குடும்பம் இப்படி இருக்கும் என்று தினமும் ராத்திரி காட்டினார்கள், அவ்வளவுதான்.

நம் ஊருக்கும் இதில் தொடர்பு உண்டு. ஜென்சன், ஆஸ்டர் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வின் ஐந்து பகுதிகளில் தமிழ்நாடும் ஒன்று. கேபிள் டிவி புதிதாக வந்த கிராமங்களில் கணவன் அடிப்பதை நியாயம் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். மகன்தான் வேண்டும் என்ற எண்ணமும் பிள்ளைப்பேறும் குறைந்தன. கேபிளில் ஓடியது பெரும்பாலும் பொழுதுபோக்குதான், பிரசாரம் இல்லை.

ஆனாலும் தேசியக் குடும்ப நல ஆய்வில் இன்றும் கேட்கப்படும் கேள்வி இதுதான்: கடந்த சில மாதங்களில் குடும்பக் கட்டுப்பாடு பற்றி வானொலியில் கேட்டீர்களா, டிவியில் பார்த்தீர்களா? 'ஆமாம்' என்பவர்களிடம் பயன்பாடு அதிகம் என்றால் பிரசாரம் வென்றது என்று எழுதிவிடுகிறோம். ஏற்கெனவே ஆர்வம் உள்ளவள்தான் அந்த விளம்பரத்தைக் கவனித்து ஞாபகமும் வைத்திருப்பாள். வாட்ஸப்பில் இரண்டு டிக் விழுந்தால் செய்தி போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். அவள் சம்மதித்தாள் என்று அர்த்தமில்லை.

செய்தி யாரை நோக்கிப் பேசுகிறது என்பது என் கேள்வி. அவசரநிலைக் காலத்தில், 1976-77இல் மட்டும், 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. அதில் 60 லட்சத்துக்கு மேல் ஆண்களுக்கு. கட்டாயத்தின் கொடுமை அது. அந்தக் கோபத்துக்குப் பிறகு அரசுகள் ஆண்களை விட்டுப் பெண்கள் பக்கம் திரும்பின. 2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 57.8 சதவீதத்தினர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் 0.1 சதவீதம்.

'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று சுவரிலும் வானொலியிலும் சொன்னோம். நல்ல வாசகம்தான். ஆனால் அந்த 'நாம் இருவரில்' ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ப் படுத்தது ஒருவர்தான். அடுத்த விளம்பரத்தையோ சீரியலையோ எடை போடும்போது எத்தனை பெண்கள் பார்த்தார்கள் என்று மட்டும் எண்ணாமல், அவள் வீட்டுக்காரரும் உட்கார்ந்து பார்த்தாரா, அதற்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தையாவது பேசிக்கொண்டார்களா என்று கேட்போம்.